பாதியில் நின்ற பக்கங்களுக்கு ஒரு கருப்புப் பெட்டி: ‘ஒப்லீக் ஸ்ட்ராட்டஜீஸ்’ அட்டைகள் – மதிப்புரை

‘ஒப்லீக் ஸ்ட்ராட்டஜீஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சிறிய கருப்புப் பெட்டிக்குள் நூற்றுக்கும் சற்று மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பக்கம் வெறும் கருப்பு. மறுபக்கத்தில் ஒன்றிரண்டு வரிகளில் ஓர் ஆங்கில வாசகம். செய்துகொண்டிருக்கும் வேலை நகராமல் நின்றுவிட்டால் கட்டைக் கலைத்து ஓர் அட்டையை உருவ வேண்டும். அது எந்த வகையில் பொருந்தும் என்று புரியாவிட்டாலும் அதை நம்பி, அது சொல்வதைச் செய்து பார்க்க வேண்டும். பெட்டியுடன் வரும் குறிப்பு கேட்பது ஏறத்தாழ இவ்வளவுதான். எழுத்துத் தடைக்கு மருந்து என்று இணையத்தில் விற்கப்படும் செயலிகள், பயிற்சி வகுப்புகள், குறிப்பேடுகள் ஆகியவற்றுக்கு நடுவே, ஐம்பது ஆண்டுகளாக மறுபதிப்புக் கண்டுவரும் ஒரு கட்டு அட்டை என்பதாலேயே இதை வாங்கினேன். சிறுகதைக்கும் கட்டுரைக்கும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

இதை உருவாக்கியவர்கள் இருவருமே எழுத்தாளர்கள் அல்லர். ஒருவர் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ. மற்றவர் பெர்லினில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஓவியர் பீட்டர் ஷ்மிட். 1970ஆம் ஆண்டிலேயே ஷ்மிட் தன் வேலைக்கு உதவும் வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டு வைத்திருந்தார். ஈனோ ஒலிப்பதிவுக் கூடத்தில் தனக்கென்று இதேபோல் வாசகங்களை எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே நடந்த வேலை அது. ஈனோ எழுதிய முதல் வாசகம், செய்த பிழையை மறைந்திருந்த நோக்கமாக மதிக்கச் சொல்வது. ஷ்மிட்டின் முதல் வாசகமோ ‘இது உண்மையிலேயே பிழைதானா?’ என்று கேட்பது. ஈனோ 1980இல் அளித்த ஒரு வானொலி நேர்காணலில் இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு தொகுப்புகளையும் ஒன்றாக்கி, ‘நூற்றுக்கும் மேற்பட்ட பயனுள்ள இக்கட்டுகள்’ என்ற துணைத் தலைப்புடன் 1975 ஜனவரியில் 500 பிரதிகள் வெளியிட்டார்கள். 1978இலும் 1979இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. 1980 ஜனவரியில் ஷ்மிட் காலமானார். 1996இல் மென்பொருள் தொழிலதிபர் பீட்டர் நார்ட்டன் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்தார். அது கடைக்கு வரவில்லை. 2001இல் ஐந்தாம் பதிப்பு விற்பனைக்கு வந்தது.

இந்த அட்டைகள் எதற்காகப் பிறந்தன என்பதைப் புரிந்துகொண்டால்தான் நமக்கு எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள். அந்த நெருக்கடியில் மனம் தனக்கு நன்றாகப் பழகிய ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு, வேறு வழிகள் இருப்பதையே மறந்துவிடுகிறது என்பதுதான் ஈனோ சொன்ன காரணம். ஆகவே அட்டைகள் புதிய யோசனை எதையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. நமக்கு முன்பே தெரிந்த, ஆனால் அந்த நேரத்தில் கைக்கு எட்டாத ஒரு வழியை நினைவூட்டுகின்றன. 1977இல் பெர்லின் மதிலை ஒட்டியிருந்த ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியுடன் ஈனோ பணியாற்றியபோது, ஒரே இசைத்துண்டுக்கு இருவரும் ஆளுக்கோர் அட்டை எடுத்து, அதை மற்றவரிடம் காட்டாமல் மாறி மாறி ஒலிகளைச் சேர்த்தார்கள். ஈனோவின் அட்டை எல்லாவற்றையும் இயன்றவரை ஒரே மாதிரி ஆக்கச் சொல்லியிருந்தது; போவியின் அட்டை வேறுபாடுகளை அழுத்திக் காட்டச் சொல்லியிருந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கட்டளைகள் ஒரே துண்டுக்குள் இழுபட்டதால் உண்டான இறுக்கம் அந்த இசையில் இன்றும் கேட்கிறது.

எழுத்துத் தடை என்று நாம் பொதுவாகச் சொல்லுவது ஒரே நோய் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1947இல் சூட்டியவர், ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர். காரணத்தை அவர் எழுதுபவரின் கைக்குழந்தைப் பருவத்தில் தேடினார். அந்த விளக்கத்தை இன்று ஏற்பவர்கள் அரிது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மைக் ரோஸ் செய்து 1980இல் வெளியிட்ட ஓர் எளிய ஆய்வு. பத்து மாணவர்களை அவர் எடுத்துக்கொண்டார். ஐவர் எழுத உட்கார்ந்தால் திணறுபவர்கள், ஐவர் பெரிய சிரமமின்றி எழுதுபவர்கள். திறமையில் இரு தரப்பினரும் பெரிதாக வேறுபடவில்லை. திணறியவர்களிடம் இருந்தவை மீறவே கூடாது என்று அவர்கள் நம்பிய விதிகள்: தொடக்கப் பத்தி வாசகரைக் கட்டாயம் கவர்ந்திழுக்க வேண்டும், ஒரு வாக்கியம் முழுமையாகத் திருந்திய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பன போன்றவை. மற்ற ஐவரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் ஒரு விதி வேலையை நிறுத்தினால் அதை ஒதுக்கிவிட்டுப் போகும் நெகிழ்வும் இருந்தது.

இந்தப் பெட்டியின் உண்மையான பயன் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுதுபவர் தனக்கே தெரியாமல் பிடித்துவைத்திருக்கும் ஒரு விதியை அட்டை வெளியிலிருந்து மீறச் சொல்கிறது. நாமாக மீறினால் குற்ற உணர்வு வரும். ‘அட்டை சொன்னது, செய்தேன்’ என்றால் வருவதில்லை. அடித்தளமாகக் கொண்ட ஒன்றைக் கைவிடு, பழைய யோசனை ஒன்றைப் பயன்படுத்து, தேய்ந்த வழக்குகளுக்கு அஞ்சாதே, உன் நெருங்கிய நண்பர் என்ன செய்வார் என்று பார், வேறொரு வேகத்தில் வேலை செய் என்றெல்லாம் வரும் அட்டைகள் அனைத்தும் அடிப்படையில் இந்த ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி பற்றிய சிறுகதை ஒன்று, இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டிய காட்சியில் வந்து நின்றுவிட்டது. கிணற்றுப் பங்கில் தொடங்கிய சண்டை அது. அந்தக் காரணத்தை அண்ணன் வாயால் சொல்ல வைத்தால் வழக்காடல் போல இருந்தது, தம்பி வாயால் சொல்ல வைத்தால் புலம்பல் போல இருந்தது. எந்தப் பக்கம் எழுதினாலும் உரையாடல் செத்துக் கிடந்தது. உருவிய அட்டை, உயிரான ஓர் இணைப்பை அறுத்துவிடச் சொன்னது. கதையில் உயிரான இணைப்பு எது என்று யோசித்தால் சண்டையின் காரணம்தான். அதை முழுவதுமாக எடுத்துவிட்டு அந்தக் காட்சியை மீண்டும் எழுதினேன். கிணறு கதையில் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி நூல் பிடித்துச் சுவரின் நீளத்தை அளக்க, அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தபடி நூல் தொய்கிறது என்று மட்டும் சொல்கிறான். மூன்று பக்கம் பேச வேண்டியிருந்த இரண்டு பேர் இரண்டே வாக்கியம் பேசினார்கள், கதை நகர்ந்தது. பாத்திரங்கள் சண்டையின் காரணத்தை வாசகருக்கு விளக்கியாக வேண்டும் என்ற விதி என் மனத்தில் இருந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டைக்குக் கிணறும் தெரியாது, அண்ணன் தம்பியும் தெரியாது. தெரியாததனால்தான் என் விதியைப் பொருட்படுத்தாமல் ஒன்றைச் சொல்ல அதனால் முடிந்தது.

தற்செயலுக்கு இப்படி ஓர் இடம் கொடுப்பது நமக்குப் புதியது அல்ல. முடிவெடுக்கத் திணறும் வேளையில் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்தி, கயிறு விழுந்த ஏட்டில் வரும் பாடலைக் கொண்டு வழி தெரிந்துகொள்ளும் வழக்கம் சைவர்களிடம் உண்டு. மேற்கே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951 முதல் சீனர்களின் குறிபார்க்கும் நூலான யி சிங்கைக் கொண்டு தன் இசையின் பல முடிவுகளைத் தற்செயலிடம் ஒப்படைத்தார். ஆனால் கயிறு சாத்துபவருக்குப் பாடலை அருளியது யார் என்பதில் நம்பிக்கை இருக்கிறது. இந்த அட்டைகளுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. வாசகத்துக்கும் வேலைக்கும் இடையே உள்ள உறவை உருவியவரே உண்டாக்க வேண்டும், அந்த முயற்சிதான் மனத்தை நகர்த்துகிறது. கட்டளை படைப்பைத் தூண்டும் என்பதற்கும் நம் மரபிலேயே சான்று இருக்கிறது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தில், கொடுக்கப்பட்ட அடி எவ்வளவு பொருந்தாததாக இருக்கிறதோ அந்த அளவுக்குப் புலவரின் கற்பனை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரம் காளமேகத்தைக்கூடச் சற்றே தயங்க வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி குறைகள். முதலாவது, இது இசைக்கூடத்தில் பிறந்த பொருள் என்பது பல அட்டைகளில் அப்படியே தெரிகிறது. சுருதி பொருத்தமாக இருக்கிறதா என்று ஓர் அட்டை கேட்கும். ஒலிநாடாதான் இப்போது இசை என்று இன்னொன்று சொல்லும். காதில் பஞ்சடைத்துக்கொள்ளச் சொல்லும் அட்டையும் உண்டு. இவற்றை எழுத்துக்கு உருவகமாக எடுத்துக்கொள்ளலாம்தான். சுருதி பற்றிய அட்டை வந்தபோது, ஒரு கட்டுரையின் நடை நடுவில் மேடைப் பேச்சாக மாறியிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஆனால் எல்லா இசை அட்டைகளும் இப்படிப் பலன் தருவதில்லை. வலிந்து பொருள் கொள்ளும்போது அந்த முயற்சியே தனி வேலையாகி, எழுத வேண்டியது ஒதுங்கி நிற்கிறது. எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துபவர்கள் முதல் வாரத்திலேயே கட்டைப் பிரித்து, தங்களுக்கு ஒருபோதும் உதவாத அட்டைகளைத் தனியே வைத்துவிடுவது நல்லது. அப்படிச் செய்வது விளையாட்டின் விதிக்கு மாறானது என்று சிலர் சொல்லக்கூடும்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. கூடியவரை நீண்ட நேரம் எதுவும் செய்யாமல் இரு என்று ஓர் அட்டை சொல்கிறது. வெளியே போய்க் கதவைச் சாத்து என்று மற்றொன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் இவை அற்புதமான யோசனைகள். அங்கே நாலு பேர் காத்திருக்கிறார்கள், வாடகை ஓடுகிறது. வெளியே போனவர் எப்படியும் திரும்பி வந்தாக வேண்டும். தனியாக ஓர் அறையில், யாரும் கேட்காத ஒரு நாவலை எழுதிக்கொண்டிருப்பவருக்கு இந்த அட்டை வந்தால் அது வேலைக்கான உத்தியாக இருப்பதில்லை. ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த சாக்காக ஆகிவிடுகிறது. தீபாவளி மலருக்குக் கதை கேட்ட ஆசிரியர் தொலைபேசியில் நினைவூட்டிய மறுநாள் எழுத உட்காருபவரிடம் எதுவும் செய்யாதே என்று சொல்வதில் ஞானம் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து போகச் சொல்லும் அட்டைகளை எல்லாம் நான் எடுத்துவிட்டேன். தனியாக எழுதும் யாருக்கும் அதையே சொல்வேன்.

மூன்றாவதாக, இன்னும் தொடங்காதவர்களுக்கு இந்தப் பெட்டி எந்த உதவியும் செய்யாது. அட்டைகள் அனைத்தும் ஏற்கெனவே ஏதோ ஒன்று செய்யப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்தில் பேசுகின்றன: எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம், எந்த வரிசையில் செய்கிறாய், இது முடிந்துவிட்டதா? கூட்டவும் குறைக்கவும் வரைவு ஒன்று வேண்டும். எழுதும் பொருளைப் பற்றிப் போதுமான அளவு தெரியாததால் நின்றுபோன கட்டுரைக்கும் இது பயன்படாது. அதற்கு நூலகத்துக்குப் போவதுதான் வழி. நெசவாளர் குடியிருப்பு பற்றி எழுதுபவருக்குத் தறியின் உறுப்புகள் தெரியாமல் பேனா நிற்கிறது என்றால், எந்த அட்டையாலும் அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியாது. சோர்வு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றால் எழுத முடியாமல் போனவர்களைப் பற்றி இந்த மதிப்புரையில் நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. அவர்களுக்குத் தேவை ஓய்வும், வேண்டியிருந்தால் மருத்துவரும்தான். வணிகப் பொருள் எதையும் அவர்கள் முன்னால் தீர்வாக வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசகங்கள் எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. என்றாலும் தமிழில் யோசித்துக்கொண்டிருக்கும் மனம் ஆங்கிலக் கட்டளையைப் படித்து, அதைத் தமிழாக்கி, பிறகு கதைக்குள் கொண்டுபோவதற்குள் வேகம் கொஞ்சம் போய்விடுகிறது. அதனால் கடையில் வெற்று அட்டைகள் வாங்கி, தமிழ் உரைநடைக்கென்றே சிலவற்றை எழுதிக் கட்டோடு சேர்த்துக்கொண்டேன். ‘இந்தப் பத்தியை அக்காவுக்கு எழுதும் கடிதமாக மாற்று’, ‘உரையாடலை எல்லாம் எடுத்துவிட்டுக் கைகளை மட்டும் காட்டு’, ‘பெயரடை ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம்’, ‘கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடுத்த பத்தியின் முதல் சொல்லாக்கு’, ‘வீட்டில் அப்போது என்ன சமைத்துக்கொண்டிருந்தார்கள்?’, ‘வட்டார வழக்கைப் பாத்திரத்திடமிருந்து எடுத்துக் கதைசொல்லியிடம் கொடு’ என்பவை அவற்றில் சில. இவற்றில் அந்தாதித் தொடை போலச் சொல்லைத் தொடுத்துக்கொண்டு போகச் சொல்லும் அட்டை, பத்திக்கும் பத்திக்கும் நடுவே நின்றுவிடும் கட்டுரைகளை நகர்த்துவதில் ஈனோவின் எந்த அட்டையையும் விடக் குறைந்ததல்ல. அந்தத் தொடுப்பைத் திருத்தும்போது எடுத்துவிடலாம். அதற்குள் அது பாலமாக இருந்து வேலையை முடித்திருக்கும். அட்டைகளை இப்படிப் பெருக்கிக்கொள்வது மூலத்துக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அதை உருவாக்கிய இருவரும் தங்கள் சொந்த வேலையிலிருந்துதான் வாசகங்களைத் திரட்டினார்கள். பதிப்புக்குப் பதிப்பு சிலவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தார்கள்.

பொருளின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அட்டை கெட்டியானது, கலைப்பதற்கு வாகாக இருக்கிறது. எழுத்து தெளிவாகவும் அலங்காரம் இல்லாமலும் அச்சிடப்பட்டிருக்கிறது. விலைதான் தயங்க வைக்கும். பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால் அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்து, நல்ல தமிழ் நூல்கள் பல வாங்கக்கூடிய தொகை ஆகிவிடுகிறது. இதே வாசகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் இணையப் பக்கங்களும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். திரையில் பிடிக்காத வாசகம் வந்தால் விரல் தானாகவே அடுத்ததை அழுத்திவிடுகிறது. பிடித்தது வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தால், கடைசியில் நமக்கு ஏற்கெனவே ஒப்புதலான யோசனைதான் கிடைக்கும், நம் விதி அப்படியே இருக்கும். கையில் எடுத்த அட்டையை மேசைமேல் வைத்துவிட்டால் அது அங்கேயே இருந்துகொண்டிருக்கிறது. அதைத் திரும்பக் கட்டுக்குள் செருகுவதற்குள் அதைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இந்த விலை என்றால், அடிக்கடி பாதியில் நிற்கும் பழக்கம் உள்ளவருக்கு அது அதிகம் என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது நிற்பவர்களுக்குத் திரையே போதும், அல்லது ஒரு மாலை உட்கார்ந்து தங்களுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம்.

என் பரிந்துரை தனிநபர்களைவிடக் குழுக்களுக்குத்தான். வாசகர் வட்டமோ சிறுகதைப் பட்டறையோ சிறுபத்திரிகை நண்பர்களோ சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் செலவும் பகிர்ந்துபோகும், பொருளும் அது பிறந்த சூழலுக்கு நெருக்கமான ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும். நான் ஒதுக்கிவைக்கச் சொன்ன ‘சும்மா இரு’ அட்டைகூட அங்கே பிழைத்துக்கொள்ளும். சும்மா இருப்பவரைச் சுற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள் அல்லவா. பெர்லினில் செய்த பயிற்சியையே இருவர் செய்து பார்க்கலாம். ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு, ஆளுக்கோர் அட்டையை உருவி மறைத்து வைத்து, ஒரு பத்தி ஒருவரும் அடுத்த பத்தி மற்றவருமாக மாறி மாறி எழுத வேண்டும். காட்சி முடியும்வரை அட்டையை மற்றவரிடம் காட்டக் கூடாது. முடிந்த பிறகும், என்ன அட்டையாக இருந்திருக்கும் என்று எழுதப்பட்டதை வைத்து ஊகித்துச் சொன்ன பின்பே காட்ட வேண்டும்.